லாபம் வந்தாலும் விற்கிறார்கள், நட்டம் வந்தாலும் விற்கிறார்கள்: அரசு நிறுவனங்கள் பற்றி ஒரு சந்தேகம்

கேள்விக்குறி

ரொம்ப நாளாக மனதில் இருக்கும் சந்தேகம், இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். ஒரு பொதுத்துறை நிறுவனம் நட்டத்தில் ஓடினால் "வரிப்பணத்தைத் தின்கிறது, தலைமுழுகிவிடு" என்கிறார்கள். சரி. அதே நிறுவனம் லாபத்தில் ஓடினால் "இப்போதுதான் நல்ல விலை போகும், விற்றுவிடு" என்கிறார்கள். அப்படியென்றால் விற்கக் கூடாத நேரம் என்று ஒன்று உண்டா? எதிர்த்தரப்பும் லேசுப்பட்டதல்ல. நட்டம் வந்தால் "அது சேவை, லாபக் கணக்குப் பார்க்காதே", லாபம் வந்தால் "பொன் முட்டையிடும் வாத்து". இரண்டு பேரிடமும் பதில் முதலிலேயே தயார், நிறுவனத்தின் கணக்கைப் பார்த்து யாரும் முடிவுக்கு வருவதாகத் தெரியவில்லை. எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று சொல்ல ஏதாவது அளவுகோல் இருக்கிறதா? கட்சிச் சண்டை வேண்டாம், தயவுசெய்து.

மின்கம்பி

கட்சிச் சண்டை வேண்டாம் தோழர், ஆனால் அரசியல் இல்லாமல் இதைப் பேச முடியாது. கணக்கோடே பேசுவோம், இங்கிலாந்துத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

1989இல் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் குடிநீரும் கழிவுநீரும் பார்த்துக்கொண்டிருந்த 10 வட்டார அமைப்புகளை மொத்தமாக விற்றார்கள். விற்பதற்கு முன் அரசு என்ன செய்தது தெரியுமா? அவற்றின் தலையில் இருந்த சுமார் 500 கோடி பவுண்டு கடனைத் தள்ளுபடி செய்தது, அதற்கு மேல் 150 கோடி பவுண்டு கையில் கொடுத்து அனுப்பியது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து சீரும் கொடுத்தது மாதிரி. விற்ற தொகை 760 கோடி. கழித்துப் பாருங்கள், அரசுக்கு மிஞ்சியது என்ன? கடனே இல்லாமல் தொடங்கிய அந்த நிறுவனங்களின் கடன் இன்று 6,000 கோடி பவுண்டுக்கு மேல். அந்தப் பணமெல்லாம் குழாய்க்குப் போயிருந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். கடன் வாங்கிய அதே காலத்தில் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை ஆண்டு தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

இது விதைநெல்லை விற்றுச் சாப்பிடுவது. இதை நான் மட்டும் சொல்லவில்லை, அப்போது பிரதமராக இருந்த தாட்சரின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் பிரதமர் ஹெரால்ட் மேக்மில்லனே 1985இல், அரசு நிறுவனங்களை விற்பதை வீட்டு வெள்ளிச் சாமான்களை விற்பதோடு ஒப்பிட்டுக் கிண்டல் செய்தார்.

சந்தைக்காரன்

தண்ணீரை எடுத்து வந்தால் எல்லோருக்கும் கோபம் வரும் என்று தெரிந்தே எடுத்து வந்திருக்கிறீர்கள். விமானத்தை எடுத்துக்கொள்வோமா?

ஏர் இந்தியா. 1932இல் டாட்டா தொடங்கியது, 1953இல் நாட்டுடைமை ஆனது, 2022 ஜனவரியில் திரும்ப டாட்டாவிடமே போனது. நடுவில் என்ன நடந்தது? 2009-10க்குப் பிறகு மட்டும் அரசு அதில் கொட்டியது, கடன் உத்தரவாதமும் சேர்த்து, 1 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். விமானத்தில் ஏறவே வாய்ப்பில்லாத மக்கள் கட்டிய வரி அது. எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை ஆரம்ப சுகாதார நிலையம்! போட்டிக்குப் பல தனியார் விமான நிறுவனங்கள் பறந்துகொண்டிருக்கும் வானத்தில் அரசுக்கு எதற்கு விமானம்? "தேசத்தின் பெருமை" என்பார்கள். வாலில் படம் வரைந்துகொள்ள ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி செலவழிக்கும் பெருமை எனக்கு வேண்டாம்.

மின்கம்பி

பாதிதான் சொன்னீர்கள். அந்த விற்பனையின் விலை 18,000 கோடி என்று எல்லா இடத்திலும் வந்தது. அதில் ரொக்கம் 2,700 கோடி, மீதி 15,300 கோடி வாங்கியவர் ஏற்றுக்கொண்ட கடன். அப்போது நிறுவனத்தின் மொத்தக் கடன் 61,562 கோடி. மிச்சம் 46,262 கோடி எங்கே போனது? அரசு தனியாக ஒரு நிறுவனம் வைத்து அதன் தலையில் இறக்கி வைத்தது. ஆக, விமானம் அவர்களுக்கு, கடன் நமக்கு.

சந்தைக்காரன்

அந்தக் கடன் ஏற்கெனவே நம்முடையதுதான், விற்றதால் புதிதாக வரவில்லை. விற்காமல் விட்டிருந்தால் 61,562 இன்னும் வளர்ந்திருக்கும். ஓட்டையை அடைத்தவனைப் பார்த்து, ஏற்கெனவே ஒழுகிய தண்ணீருக்குக் கணக்குக் கேட்கிறீர்கள்.

பழைய_கணக்கு

நான் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகள் இருந்தவன், பெயர் வேண்டாம். இரண்டு பேருமே ஒரு தப்பைச் சேர்ந்து செய்கிறீர்கள் என்று படுகிறது, அதனால் நுழைகிறேன்.

விற்ற பணத்தை "வருமானம்" என்று பேசுவதுதான் அந்தத் தப்பு. உங்களிடம் மாத வாடகை வரும் கட்டடம் இருக்கிறது, அதை விற்கிறீர்கள். கையில் ஒரு தொகை வருகிறது, வாடகை நின்றுபோகிறது. நீங்கள் பணக்காரராகவும் ஆகவில்லை, ஏழையாகவும் ஆகவில்லை, சொத்தின் உருவம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நியாயமான விலைக்கு விற்று அந்தத் தொகையில் பழைய கடனை அடைத்தால் வட்டி குறையும், கணக்குச் சரியாகும். அதே தொகையை இந்த ஆண்டுச் சம்பளத்துக்கும் மானியத்துக்கும் செலவழித்தால் அடுத்த ஆண்டு வாடகையும் இல்லை, கட்டடமும் இல்லை. ஆனால் பட்ஜெட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், பற்றாக்குறை குறைந்துவிட்டது என்று கைதட்டுவார்கள். கேள்விக்குறி கேட்டதற்கு என் முதல் பதில் இதுதான்: லாபம், நட்டம் என்பதைவிட, வாங்குபவர் கையில் அது அரசின் கையில் இருப்பதைவிட அதிகம் சம்பாதிக்குமா என்று பார்க்க வேண்டும். சம்பாதிக்கும் என்றால் அந்த அதிகத்தில் ஒரு பங்கை விலையில் வாங்கிக்கொண்டு விற்கலாம். சம்பாதிக்காது என்றால் விற்பதில் அர்த்தமில்லை, லாபமோ நட்டமோ.

இதில் இன்னொரு கூத்து சொல்கிறேன். 2018 ஜனவரியில் இந்திய அரசு ஹெச்பிசிஎல் என்ற பெட்ரோலிய நிறுவனத்தில் தன்னிடமிருந்த 51.11 விழுக்காடு பங்கை 36,915 கோடிக்கு விற்றது. வாங்கியது யார்? எண்ணெய் எடுக்கும் ஓஎன்ஜிசி. அதுவும் அரசு நிறுவனம்! அந்தப் பங்கை வாங்க ஓஎன்ஜிசி கடன் வாங்க வேண்டியிருந்தது. அதாவது அரசு தன் வலது பையில் இருந்ததை இடது பைக்கு விற்று, இடது பையின் பெயரில் கடன் வாங்கி, அதை அந்த ஆண்டின் பங்கு விலக்கல் (அரசுப் பங்குகளை விற்ற வரவு) கணக்கில் சேர்த்துக்கொண்டது. இலக்கை எட்டிவிட்டோம் என்று செய்தியும் வந்தது. என்னோடு வேலை பார்த்த ஒரு கணக்கர் இப்படி ஒரு பதிவைப் போட்டிருந்தால் நான் பேனாவைப் பிடுங்கியிருப்பேன்.

ஓரத்துஇருக்கை

அது தனியார்மயமா, அரசுமயமா, இல்லை வெறும் மாயமா?

கேள்விக்குறி

பழைய கணக்கு ஐயா, நன்றி, இது புரிகிறது. ஆனால் "வாங்குபவர் கையில் அதிகம் சம்பாதிக்கும்" என்பதற்கு இரண்டு வழி இருக்கிறதே. ஒன்று, ஒழுங்காக நடத்தி வீணைக் குறைத்துச் சம்பாதிப்பது. இன்னொன்று, போட்டி இல்லாத இடத்தில் கட்டணத்தை ஏற்றிச் சம்பாதிப்பது. விற்கும்போது இரண்டுக்கும் ஒரே மாதிரிதானே விலை ஏறும்?

பழைய_கணக்கு

சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். அரசு இங்கே சாதாரண விற்பனையாளர் இல்லை, சந்தையின் விதிகளை எழுதுபவரும் அவரே. போட்டியாளர்களை உள்ளே விட்டால் நிறுவனத்தின் விலை விழும், ஏகபோகத்தோடு விற்றால் விலை ஏறும். கருவூலத்துக்கு எது பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெக்சிகோ 1990இல் தன் தொலைபேசி நிறுவனமான டெல்மெக்ஸை விற்றபோது நீண்டதூரத் தொலைபேசியில் ஆறு ஆண்டுகள் யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள் என்று உறுதி கொடுத்தே விற்றது. வாங்கிய கூட்டணியின் தலைவர் கார்லோஸ் ஸ்லிம், பிற்பாடு உலகப் பணக்காரர் பட்டியலில் முதலிடம் வரைக்கும் போனார். 1986இல் பிரிட்டிஷ் கேஸ் எரிவாயு நிறுவனத்தை உடைக்காமல் ஒரே துண்டாக விற்றதும் இந்த வகைதான், உடைக்க வேண்டும் என்று சொன்னவர்கள் அப்போதே இருந்தார்கள், நிறுவனத் தலைவரே அதைக் கடுமையாக எதிர்த்தார். அரசு ஏகபோகம் தனியார் ஏகபோகம் ஆனது, பெயர்ப்பலகைதான் மாறியது.

அப்போது விலை நல்ல விலைதான். ஆனால் அந்த நல்ல விலையை யார் கட்டுகிறார்கள்? பின்னால் வரும் வாடிக்கையாளர்கள், தவணை முறையில். அதை வரி என்று யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சந்தைக்காரன்

இதை ஒப்புக்கொள்கிறேன். விற்பதற்கு முன்னால் போட்டியைத் திறந்துவிடு என்பதுதான் ஒழுங்கான தனியார்மயக்காரர்களும் சொல்வது. தொலைபேசியில் அது நடக்கவும் செய்தது. பிரிட்டிஷ் டெலிகாமின் 50.2 விழுக்காட்டை 1984 நவம்பரில் விற்றார்கள், அப்போது மெர்க்குரி என்ற ஒரே ஒரு போட்டியாளர், 1991க்குப் பிறகு கதவு முழுசாகத் திறந்தது. கட்டணத்துக்கு விலைவாசி உயர்வு கழித்தல் மூன்று என்று ஒரு வாய்பாடு வைத்தார்கள். விலைவாசி 5 விழுக்காடு ஏறினால் நீ 2தான் ஏற்றலாம், மீதியைச் சிக்கனம் செய்து எடுத்துக்கொள். சிக்கனம் செய்தால் மிச்சம் உனக்கு. அரசு நிறுவனத்தில் சிக்கனம் செய்தால் என்ன கிடைக்கும்? அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டை வெட்டுவார்கள். "ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே" என்பது சும்மா வந்த பழமொழி இல்லை.

மின்கம்பி இதற்குப் பதில் சொல்லட்டும். நட்டம் வந்தால் நிறுவனம் மூடப்படும் என்ற பயமே இல்லாத இடத்தில் யார் ஒழுங்காக வேலை செய்வார்கள்?

பழைய_கணக்கு

மின்கம்பி வருவதற்குள் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதற்குப் பெயரே உண்டு, ஹங்கேரியப் பொருளாதார அறிஞர் யானோஷ் கோர்னாய் வைத்தது. தமிழில் இளகிய பட்ஜெட் என்று சொல்லலாம். பணம் தீர்ந்தால் மேலிருந்து வந்துவிடும் என்று தெரிந்த நிறுவனம் வேறு மாதிரி நடந்துகொள்ளும், அவ்வளவுதான் அதன் சாரம். நான் அதை உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். மார்ச் மாதம் வந்தால் மிச்சமிருக்கும் ஒதுக்கீட்டைத் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும் என்று தேவையே இல்லாத உதிரிபாகங்களுக்குக் கொள்முதல் ஆணை போடுவார்கள். ஐந்து ஆண்டு ஓடும் அளவுக்கு தாங்கு உருளைகள் கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்தன.

ஆனால் சோம்பல் மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். பயம் பெரிய காரணம். மலிவாக, சீக்கிரமாகக் கிடைக்கிறது என்று ஓர் அதிகாரி டெண்டர் இல்லாமல் ஒரு பொருளை வாங்கினால், நிறுவனத்துக்கு லாபமே வந்தாலும் ஏழு ஆண்டு கழித்துத் தணிக்கைக் குறிப்பு வரும், ஓய்வு பெறும் நாளில் ஓய்வூதியத்தை நிறுத்தி வைப்பார்கள். ஒன்றுமே செய்யாமல் கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளியவருக்கு எதுவும் வராது. 22 ஆண்டுகளில் முடிவெடுக்காததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பிறகு யார் முடிவெடுப்பார்?

மின்கம்பி

வந்துவிட்டேன். பயத்தைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, அதற்கு மருந்து நிர்வாக அதிகாரம் கொடுப்பது. விற்பது எப்படி மருந்தாகும்? தலைவலிக்குத் தலையை வெட்டுவதா?

மூடப்படும் பயம் என்கிறீர்களே, தனியாரிடம் போனால் அந்தப் பயம் வந்துவிடுகிறதா? பிரிட்டன் ரயிலைப் பாருங்கள். 1993 சட்டப்படி துண்டு துண்டாக்கினார்கள், தண்டவாளமும் சிக்னலும் ரெயில்டிராக் என்ற நிறுவனத்துக்குப் போய் 1996இல் பங்குச்சந்தைக்கு வந்தது. பராமரிப்பு வேலையை ஒப்பந்தக்காரர்களிடம் கொடுத்துவிட்டார்கள். 2000 அக்டோபர் 17 அன்று ஹாட்ஃபீல்டில் விரிசல் விட்டிருந்த தண்டவாளம் உடைந்து ரயில் கவிழ்ந்தது, நாலு பேர் செத்தார்கள். வேறு எங்கெல்லாம் அந்த மாதிரி விரிசல் இருக்கிறது என்று ரெயில்டிராக்குக்கே தெரியவில்லை! தன் சொத்து எந்த நிலையில் இருக்கிறது என்ற பதிவே அவர்களிடம் ஒழுங்காக இல்லை. நாடு முழுக்க வேகக் கட்டுப்பாடு போட்டார்கள், ரயில் சேவையே நொண்டியது. ஓராண்டில் நிறுவனம் திவால் நிலைக்குப் போய், 2002இல் நெட்வொர்க் ரெயில் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு எடுத்துக்கொண்டது. இப்போது ரயில் ஓட்டும் நிறுவனங்களையும் ஒவ்வொன்றாக அரசு திரும்ப எடுக்க 2024இல் சட்டமே போட்டாகிவிட்டது.

ரெயில்டிராக் திவாலானபோது தண்டவாளத்தை மூடிவிட முடிந்ததா? முடியாது. அப்போது பயம் எங்கிருந்து வரும்?

தூரதேசி

ரயில் என்றால் பிரிட்டனை மட்டும் காட்டுவது நியாயமில்லை. ஜப்பானையும் பாருங்கள். 1987இல் ஜப்பான் தேசிய ரயில்வேயைப் பிரித்தபோது அதன் கடன் 37 லட்சம் கோடி யென். ஆறு பயணிகள் நிறுவனம், ஒரு சரக்கு நிறுவனம். முக்கியமான வித்தியாசம்: தண்டவாளத்தையும் ரயிலையும் பிரிக்கவில்லை, வட்டார வாரியாகப் பிரித்தார்கள். ஒரு வட்டாரத்தில் ரயில் தாமதமானால் யாரைக் கேட்பது என்று குழப்பமே இல்லை. டோக்கியோவைச் சுற்றியுள்ள ஜேஆர் கிழக்கு, டோக்கியோ-ஒசாகா ஷின்கான்சென் அதிவேக ரயிலை வைத்திருக்கும் ஜேஆர் மத்திய நிறுவனம் எல்லாம் நல்ல லாபம்.

ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். ஆள் குறைந்த ஹொக்கைடோ, ஷிகோகு நிறுவனங்களும் சரக்கு நிறுவனமும் இன்றைக்கும் அரசின் அமைப்பிடம்தான் இருக்கின்றன, தனியார் வாங்கும் நிலையில் அவை வரவேயில்லை. பழைய கடனில் பெரும் பகுதியைத் தீர்க்க ஒரு தனி அமைப்பு வைத்தார்கள், நிலத்தை விற்று அடைப்பதாகச் சொன்னார்கள், அடைபடவில்லை, 1998இல் சுமார் 24 லட்சம் கோடி யென் அரசின் பொதுக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. நல்ல பழமெல்லாம் பறித்து விற்றாயிற்று, அடிமரம் அரசிடம்.

மின்கம்பி

தொழிலாளர்களை விட்டுவிட்டீர்கள். பிரித்தபோது கொகுரோ சங்கத்தைச் சேர்ந்தவர்களைப் புதிய நிறுவனங்கள் எடுக்காமல் ஒதுக்கிய வழக்கு, 1,047 பேர், 2010இல்தான் சமரசமானது. 23 ஆண்டு.

கேள்விக்குறி

எனக்கு இப்போது வேறு ஒன்று புலப்படுகிறது. விற்ற பிறகு திரும்ப வாங்கியது எத்தனை! பிரிட்டன் ரயில் ஒன்று. வேறு எங்கெல்லாம் நடந்திருக்கிறது?

தூரதேசி

நியூசிலாந்து இதில் முனைவர் பட்டமே வாங்கலாம். ஏர் நியூசிலாந்தை 1989இல் விற்றார்கள். அது ஆஸ்திரேலியாவின் ஆன்செட் விமான நிறுவனத்தை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டது, 2001 செப்டம்பரில் ஆன்செட் விழுந்தது, அதே ஆண்டு நியூசிலாந்து அரசு 88.5 கோடி டாலர் போட்டு ஏறத்தாழ 80 விழுக்காட்டை எடுத்துக்கொண்டது. ரயிலை 1993இல் விற்றார்கள், 2004இல் தண்டவாளத்தை 1 டாலருக்குத் திரும்ப வாங்கினார்கள் (ஆமாம், ஒரே ஒரு டாலர், தண்டவாளம் அந்த நிலையில் இருந்தது), 2008இல் ரயில்களையும் படகுகளையும் 60 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். அர்ஜென்டினா தன் விமான நிறுவனத்தை 1990இல் விற்று 2008இல் திரும்ப எடுத்தது, ஒய்பிஎஃப் எண்ணெய் நிறுவனத்தை 90களில் விற்று 2012இல் 51 விழுக்காட்டைக் கையகப்படுத்தியது. பாரிஸ் நகரம் தண்ணீரை 2010இல் தன் கைக்கே கொண்டுவந்தது.

சுவாரசியம் என்னவென்றால், திரும்ப அரசிடம் வந்த ஏர் நியூசிலாந்து பிறகு நன்றாகவே ஓடியது. அன்றாட நிர்வாகத்தில் அரசு மூக்கை நுழைக்கவில்லை, பங்குச்சந்தைப் பட்டியலிலும் விட்டுவைத்தார்கள்.

பழைய_கணக்கு

கேள்விக்குறி தேடிய அளவுகோல் எனக்குத் தெரிந்து இங்கேதான் இருக்கிறது. ஒரு நிறுவனம் நாளைக்குக் கவிழ்ந்தால் அரசு கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்குமா? ரொட்டி செய்யும் அரசு நிறுவனம், கைக்கடிகாரம் செய்யும் அரசு நிறுவனம் எல்லாம் இருந்தன. கவிழ்ந்தால் அழ ஆளில்லை, அடுத்தவன் செய்வான். இந்திய அரசு மாடர்ன் ஃபுட்ஸை 2000இல் விற்றது, இன்று அதை நினைத்து யாராவது வருந்துகிறார்களா? அதை விற்பது உண்மையான விற்பனை. தண்ணீர், தண்டவாளம், மின்கம்பி (நண்பரைச் சொல்லவில்லை) கவிழ்ந்தால் அரசு அன்று மாலையே வந்தாக வேண்டும். அதை விற்றாலும் நீங்கள் விற்பது லாபத்தை மட்டும்தான், நட்டம் உங்களிடமே தங்கிவிடுகிறது. வாங்குபவருக்கு அது தெரியும், அதனால் கடனை ஏற்றிக்கொண்டே போவார். தேம்ஸ் தண்ணீர் நிறுவனத்தை 2006 முதல் 2017 வரை மெக்குவாரி என்ற ஆஸ்திரேலிய முதலீட்டு நிறுவனத்தின் தலைமையிலான கூட்டம் வைத்திருந்தபோது கடன் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆனது, அவர்கள் வெளியே போய்விட்டார்கள், கடன் நிறுவனத்தில் இருக்கிறது. கோர்னாய் சொன்ன இளகிய பட்ஜெட் தனியாருக்கும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தைக்காரன்

இதில் எனக்கு மறுப்பு உண்டு. இந்த வாதத்தை நீட்டினால் வங்கியும் கவிழ விட முடியாதது, ஆக எல்லா வங்கியும் அரசிடமே இருக்க வேண்டும் என்று ஆகும். அரசிடம் இருந்தால் மட்டும் தண்ணீர் சுத்தமாகிவிடாது. ஸ்காட்லாந்தில் தண்ணீர் இன்னும் அரசு நிறுவனத்திடம்தான். அங்கேயும் மழைக்காலத்தில் கழிவுநீர் ஆற்றுக்குத்தான் போகிறது, இங்கிலாந்தில் கழிவுநீர் வெளியேறும் திறப்புகளில் எல்லாம் அளவுமானி வைத்து எண்ணுகிறார்கள், ஸ்காட்லாந்தில் அந்த அளவுக்கு வைக்கவில்லை, அதனால் செய்தி குறைவு. எண்ணாத இடத்தில் குற்றமும் தெரியாது.

விற்றதால் உருப்பட்டதும் உண்டு. ஹிந்துஸ்தான் ஜிங்க் என்ற துத்தநாக நிறுவனம், 2002.

மின்கம்பி

ஹிந்துஸ்தான் ஜிங்க்கை நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி! 26 விழுக்காடும் நிர்வாகமும் 445 கோடிக்கு. அந்த விற்பனையை விசாரிக்கச் சொல்லி 2021இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது.

சந்தைக்காரன்

விசாரிக்கச் சொன்னது சரிதான், நடக்கட்டும். அதே அரசிடம் மிச்சமிருந்த 29.54 விழுக்காட்டின் மதிப்பு பிறகு பல ஆயிரம் கோடிகளுக்கு ஏறியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிர்வாகம் கைமாறியதால் உற்பத்தி பெருகியது, அரசு சும்மா உட்கார்ந்தே சம்பாதித்தது.

பழைய_கணக்கு

உங்கள் இருவரின் கணக்கும் சரியே, சண்டை வேண்டாம். விற்றது சரியாக இருந்து விலை தப்பாக இருக்கலாம். ரஷ்யா 1995இல் கடனுக்கு ஈடாகப் பங்கு என்ற ஏற்பாட்டில் நோரில்ஸ்க் நிக்கல் என்ற சுரங்க நிறுவனத்தின் 38 விழுக்காட்டை 17 கோடி டாலருக்குக் கொடுத்தது. அந்த ஏலத்தை நடத்திய வங்கியே வென்றது! விற்கலாமா என்ற கேள்விக்கு அங்கே என்ன பதில் சொன்னாலும் ஏலம் நடந்த விதத்தை யாரும் நியாயப்படுத்த முடியாது. தேர்தல் நெருங்கும்போது, பற்றாக்குறை கழுத்தை நெரிக்கும்போது விற்பவன் நல்ல விலை வாங்கியதாக நான் படித்ததே இல்லை.

அப்புறம் நிலம். அரசு நிறுவனம் என்றால் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு வெளியே கொடுத்த நிலம், இன்று ஊரின் நடுவில் இருக்கும். 2002இல் வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனமான விஎஸ்என்எல்லை டாட்டாவுக்கு விற்றபோது உபரி நிலம் 773 ஏக்கர் இருந்தது. அதை விற்பனையில் சேர்க்கக் கூடாது, தனியாகப் பிரிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள், நல்ல காரியம். பிரித்து முடிக்க எத்தனை ஆண்டு? பதினைந்துக்கும் மேல்.

வாசகி_மதி

இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். யாரும் இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசவில்லையே? இந்தியாவில் ஒரு பொதுத்துறை நிறுவனம் தனியாருக்குப் போனால் அந்த நாளிலிருந்து புதிய வேலைகளில் இட ஒதுக்கீடு இல்லை. என் குடும்பத்தில் முதல் தலைமுறையாக நிரந்தரச் சம்பளம் பார்த்தது என் பெரியப்பா, ஒரு பொதுத்துறை ஆலையில். அந்த ஒரு சம்பளத்தில் அவர் பிள்ளைகளும் நாங்களும் படித்தோம். நிறுவனத்தின் லாபநட்டக் கணக்கில் இது எந்த வரியில் வரும் பழைய கணக்கு ஐயா?

பழைய_கணக்கு

எந்த வரியிலும் வராது அம்மா. அந்தக் கணக்குக்கு இதைப் பார்க்கும் கண் இல்லை. நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஒன்று மட்டும்: கடைசிப் பத்து ஆண்டுகளில் எங்கள் நிறுவனத்தில் நிரந்தரப் பணிக்கு ஆள் எடுப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் ஒப்பந்தக்காரர் மூலம் எடுத்தார்கள். பெயருக்கு அரசு நிறுவனம், வாசலில் நிற்பவரிலிருந்து எந்திரம் ஓட்டுபவர் வரை ஒப்பந்தம். விற்காமலேயே அந்தக் கதவு பாதி சாத்தப்பட்டுவிட்டது.

சந்தைக்காரன்

வாசகி சொன்னது நியாயமான கவலை. ஆனால் அதற்குப் பதில் தனியார் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்பதாக இருக்கலாமே, நட்டத்தில் ஓடும் ஆலையை அதற்காகவே தாங்கிப் பிடிப்பதாக ஏன் இருக்க வேண்டும்?

வாசகி_மதி

கேட்கிறோம், பல ஆண்டுகளாக. அது வந்த பிறகு விற்கலாமே. ஏன் எப்போதும் முதலில் விற்பனை, பிறகு பார்க்கலாம்?

தூரதேசி

அரசு உடைமையாகவே வைத்துக்கொண்டு நன்றாக நடத்த முடியுமா என்ற பக்கத்தையும் பார்க்க வேண்டும். நார்வேயின் ஈக்வினார் எண்ணெய் நிறுவனத்தில் அரசிடம் 67 விழுக்காடு, மீதி பங்குச்சந்தையில். சிங்கப்பூர் 1974இல் டெமாசெக்கை உருவாக்கி அரசின் நிறுவனப் பங்குகளை அதனிடம் விட்டது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பங்கும் அதனிடம்தான். இரண்டிலும் அமைச்சருக்கும் மேலாளருக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சிலியின் அரசுச் செம்பு நிறுவனம் கொடெல்கோ. பெரும்பாலான அரசு நிறுவனங்களைத் தனியாருக்குக் கொடுத்த ராணுவ ஆட்சியாளர் பினோசே இதைக் கொடுக்கவில்லை. ஏன்? கொடெல்கோவின் செம்பு விற்பனையில் 10 விழுக்காடு நேராக ராணுவத்துக்குப் போகும் என்று சட்டம் இருந்தது. லாபத்தில் இல்லை, விற்பனையில்! 2019இல்தான் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். பழைய சுரங்கங்களைப் புதுப்பிக்க நிறுவனம் கடன் வாங்க வேண்டியிருந்தது.

ஓரத்துஇருக்கை

விற்பதும் வேண்டாம், வைத்திருப்பதும் வேண்டாம், குத்தகைக்கு விட்டால்?

தூரதேசி

சிகாகோ நகரம் 2008இல் தெருவோர வாகன நிறுத்தக் கட்டண எந்திரங்களை 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது, சுமார் 115 கோடி டாலர். முன்பணமாக வாங்கியதில் பெரும் பகுதி சில ஆண்டுகளிலேயே பட்ஜெட் ஓட்டையை அடைக்கப் போய்விட்டது. இப்போது விழாவுக்கோ பழுதுபார்க்கவோ தெருவை மூடினால் இழந்த கட்டணத்துக்கு நகரம் நிறுவனத்துக்கு ஈடு கட்ட வேண்டும். சொந்தத் தெருவுக்கு. குத்தகை முடிவது 2083இல்.

ஓரத்துஇருக்கை

குத்தகை யோசனையை வாபஸ் வாங்குகிறேன்.

மின்கம்பி

பழைய கணக்கு ஐயாவிடம் ஒரே ஒரு நேரடிக் கேள்வி. நீங்கள் 22 ஆண்டு வேலை பார்த்த நிறுவனத்தை நாளை விற்பதாகச் சொன்னால் கையெழுத்துப் போடுவீர்களா?

பழைய_கணக்கு

அதில் இரண்டு பிரிவு இருந்தது. ஒன்றில் நாங்கள் செய்ததை இன்னும் எட்டுப் பத்து நிறுவனங்கள் செய்தன, எங்களைவிட மலிவாக, சொன்ன தேதியில் கொடுத்தார்கள். அதை நான் இருந்தபோதே விற்றிருக்க வேண்டும், ஆட்களுக்கு நல்ல விருப்ப ஓய்வுத் தொகை கொடுக்கும் அளவுக்குப் பணம் இருந்த காலம் அது. விற்காமல் இழுத்து இழுத்துக் கடைசியில் பழைய இரும்பு விலைக்குக்கூடப் போகாத நிலையில் மூடினார்கள், ஆட்களுக்குக் கிடைத்ததும் குறைவு. அந்த நாளில் விற்கக் கூடாது என்று வாசலில் கொடி பிடித்தவர்களில் நானும் ஒருவன் மின்கம்பி.

இன்னொரு பிரிவு செய்யும் பொருளை வாங்க ஒரே ஒரு வாடிக்கையாளர்தான், அதுவும் அரசுத் துறை. அதை விற்கச் சொன்னால் கையெழுத்துப் போட மாட்டேன். இந்தப் பிரிவு லாபத்தில் இருந்தது, அதனால் விற்பனைப் பட்டியலில் முதலில் வந்ததும் இதுதான்.